கோரைக்கு ஒரு கஷாயம்

நோய் தீரக் கஷாயம் காய்ச்சுகிறவர்கள் திருவனந்தபுரத்தில் தெருவுக்குப் பத்துப் பேர். புல் சாகக் கஷாயம் காய்ச்சிய ஒரே ஆள் எங்கள் கஷாயம் சாமிதான்.

கிழக்கேகோட்டையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நிஜப்பெயரை நான் கேட்டதில்லை. பொன்முடி மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் யூக்கலிப்டஸ் இலை மூட்டையோடு ஏறுவார். பஸ் கீழே வந்து சேரும்போது ஒருவருக்கும் மூக்கடைப்பு இருக்காது. காய்ச்சியதை முதலில் தானே குடித்துப் பார்ப்பார். தன் வாய்க்கு ஆகாததை மண்ணில் ஊற்றமாட்டாராம். என்ன கொள்கையோ, எழவோ.

நேமம் பக்கம் எனக்கு இருபது சென்ட் குத்தகை நிலம். பயறு போட்டேன், கோரை வந்தது. நிலத்துக்காரர் வந்து பார்த்தார்.

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள இந்தக் காடு தெளியணும். இல்லேன்னா வாழைக்காரனுக்குக் கொடுத்துடுவேன், கேட்டோ."

மூன்று வருஷம் சாணம் போட்டுத் தேற்றிய மண். அது போனால் மறுபடி எவன் கடையிலாவது பொட்டலம் கட்டத்தான் போகவேண்டும்.

"கடையில விஷம் வாங்கினீர்னா உம்ம மூஞ்சியில முழிக்கமாட்டேன்" என்றார் சாமி. "மாவிலை போறும், ஓய். அஞ்சே நாள்ல கோரை சுருண்டுடும்."

திங்கட்கிழமை ஒரு குடம் மாவிலைக் கஷாயம் வந்தது. பக்கத்திலேயே குடிப்பதற்குக் கருங்காலிக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர், இன்னொரு குடத்தில். இந்த ஊரில் எந்த வீட்டிலும் வெறும் தண்ணீரைக் குடிக்கமாட்டார்களே! இரண்டும் ஒரே பழுப்பு நிறம்.

சாமி முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு அடி அடியென்று அடித்தார். மேற்பார்வைக்கு வந்த நிலத்துக்காரர் வெயில் தாங்காமல் மூன்று தம்ளர் குடித்தார்.

"கொஞ்சம் கைப்பு உண்டு. ஆனா வயித்துக்கு நல்ல சுகம்" என்று போய்விட்டார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு வாய் குடித்தேன். துப்பினேன்.

"சாமி! மருந்து இங்க இருக்கு. நீரு எதைவே அடிச்சீரு?"

சாமி ஸ்பிரேயரை முகர்ந்தார். "அடடா, கோரைக்கு தாகம் தீர்த்துட்டேனா?"

"நிலத்துக்காரருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது ஓய். அவர் வயத்துல கோரை முளைக்காது, அவ்வளவுதான்."

மிச்சத்தை அடிக்கலாமென்றால் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள். கருங்காலித் தண்ணீரும் மழையும் குடித்த கோரை முழங்காலைத் தொட்டது. நான் சாமியைத் திட்டிய திட்டு நேமம் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தொலைந்தார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மழை விட்டது. காலையில் போனால், சேற்றில் குந்தியிருந்து ஒருவர் கோரையைக் கிழங்கோடு தோண்டிப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். பாதி நிலம் சுத்தம். பேனாவைத் தவிர ஒன்றும் பிடித்தறியாத கை முழுக்கக் கொப்புளம்.

"மருந்து என்ன ஆச்சு, சாமி?"

"அது அடுத்த போகத்துக்கு இருக்கட்டும். நாளைக்கு உம்ம நிலம் போகப்படாது. பார்த்துண்டு நிக்காதேயும், அந்த வரிசையைப் பிடியும்."

பிடித்தேன். இருட்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கினோம். அன்று முழுக்க நான் அவரைத் திட்டவில்லை.