மாமாவின் மல்கோவாவும் என் கம்பாரடிவ் டிகிரியும்

இங்கிலீஷ் அறவே தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. நன்றாகத் தெரிந்தவனாலும் பெரிதாக வந்துவிடாது. எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு இஸ்திரி போட்ட சட்டையோடு திரிகிறானே, அந்த நடுவாந்தரத்து ஆள்தான் ஆபத்து. ஐம்பதுகளில் ஓசூரில் அந்தப் பதவியை நான் வகித்து வந்தேன்.

டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். (யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.) அவற்றை வைத்து ஒரு வாக்கியம் பேச வேண்டிவரும் என்று மட்டும் எந்த வாத்தியாரும் எச்சரிக்கவில்லை.

என் தாய்மாமாவுக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு. அவர் மகள் வசந்தாவை எனக்குக் கொடுப்பதா, பெங்களூரில் மில் வேலை பார்க்கும் ஒருவனுக்குக் கொடுப்பதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயம், கிருஷ்ணகிரியில் மாம்பழக் கண்காட்சி வைத்தார்கள். முதல் பரிசை முடிவு செய்ய வடக்கேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தெரியாது. எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு அந்த மூன்றைத் தவிர வேறெதுவும் தெரியாது. "எங்கக்கா பையன் இருக்கான், இங்கிலீசுல பொளந்து கட்டுவான்" என்று கமிட்டியாரிடம் சொல்லி, மாமா என்னை மொழிபெயர்க்க நிறுத்திவிட்டார். அதிகாரியின் காதுக்குப் பக்கத்தில் நம்ம பையன் இருந்தால் பரிசு வேறெங்கே போகும் என்பது அவர் எண்ணம்.

கடைசியில் இரண்டு தட்டுகள் மிஞ்சின. ஒன்று மாமாவின் மல்கோவா. மற்றது பக்கத்துத் தோப்பு நாயுடுவின் மல்கோவா. இருவருக்கும் நெடுநாள் வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. அதிகாரி இரண்டையும் தின்றார், மறுபடியும் தின்றார், பிறகு விளைவித்தவர்களையே கேட்டுவிடலாம் என்றார். நாயுடுவுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மாமாவுக்கு ஆயுளில் தொண்டை கட்டியதில்லை.

"நாயுடு பழத்தைவிட என் பழம் இனிப்பு. அவருதைவிட என்னுது வாசனை. சொல்லு மாப்ளே" என்றார்.

சொன்னேன். அவர் வாயிலிருந்து வந்த வரிசை குலையாமல், "நாயுடு மேங்கோ ஈஸ் மோர் ஸ்வீட்டர் தேன் மை மேங்கோ" என்று ஆரம்பித்து, வாசனையையும் அப்படியே ஒப்படைத்தேன். (ஸ்வீட்டருக்கு முன்னால் மோர் ஊற்றக் கூடாது என்பது அன்று நான் செய்த குற்றங்களில் மிகச் சிறியது.) தமிழில் தோற்கிறவன் முதலில் வருவான், இங்கிலீஷில் ஜெயிக்கிறவன் முதலில் வருவான். இந்த அற்ப விஷயம் என் மகா மூளைக்கு எட்டவில்லை.

அதிகாரி மாமாவை உற்றுப் பார்த்தார். எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமா என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணப் பந்தலே தெரிந்தது. நானும் உற்சாகம் தாங்காமல், "ஹி ஈஸ் தி மோஸ்ட் பெஸ்ட் மேன்" என்று ஒரு சூப்பர்லேடிவையும் அவிழ்த்துவிட்டேன். அதில் சந்தேகமே இல்லை என்றார் அதிகாரி.

பிறகு முதல் பரிசை நாயுடுவுக்குக் கொடுத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆனாலும் மொழிபெயர்த்துத்தானே ஆக வேண்டும்?

"போட்டியில நிக்கிற ஒருத்தர், தன் பழத்தைவிட பக்கத்துக்காரர் பழம்தான் இனிப்புன்னு தன் வாயாலயே சொன்னாரு. இப்படி ஒரு நேர்மையை நான் எங்கயும் பார்த்ததில்லை."

அன்று நான் செய்த ஒரே சரியான மொழிபெயர்ப்பு அதுதான்.

கூட்டம் கை தட்டியது. நாயுடு கண் கலங்கி வந்து மாமாவைக் கட்டிக்கொண்டார். அந்தப் பிடிக்குள்ளிருந்து மாமா எந்த வாயால் மறுப்பார்? சிரித்து வைத்தார். பல்வலிக்காரன் சிரிப்பு.

பஸ்ஸில் திரும்பும்போது, என்னதான் நடந்தது என்று மாமா கேட்டார். நான் இலக்கணத்தோடு விளக்கினேன். (விளக்கியிருக்கக் கூடாது.) "வெள்ளைக்காரன் தானா போயிட்டான்னுல்ல நெனச்சேன். உன்னை மாதிரி நாலு பேரு பேசித்தான் தொரத்தியிருக்கீங்க" என்றார் மாமா.

அதன்பின் நடந்ததுதான் விசித்திரம். தன் பழத்தையே குறைத்துச் சொன்ன உத்தமர் என்று மாமாவின் பேர் பரவி, மண்டி வியாபாரிகள் அவர் தோப்பைத் தேடி வந்தார்கள். பழத்தைச் சோதிக்காமலே எடுத்தார்கள். ஆனால் அதற்கப்புறம் ஒரு வெம்பல் பழத்தைக்கூட அவரால் கூடையின் அடியில் ஒளித்துவைக்க முடியவில்லை. நேர்மை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த ஒன்றுக்காக அவர் என்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. வரப்புத் தகராறை விட்டுவிட்ட நாயுடுவே வீடு தேடி வந்து, பையன் தங்கமானவன் என்று எனக்காகப் பேசியதால், வேறு வழியில்லாமல் வசந்தாவைக் கொடுத்தார்.

கல்யாணமான புதிதில், "எங்கம்மா வைக்கிற குழம்பைவிட உன் குழம்பு ருசி" என்று வசந்தாவிடம் நல்லெண்ணத்தோடு சொன்னேன். அவள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"இது தமிழுல சொல்றீங்களா, இங்கிலீசுல சொல்றீங்களா?"

அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. பிள்ளைகள் கேட்டார்கள், மருமகள்கள் கேட்டார்கள். போன வாரம் சின்னப் பேத்தியிடம், "உங்கக்கா கோலத்தைவிட உன் கோலம் அழகு" என்று பாராட்டினேன். சின்னவளுக்குப் பதிலாக அவள் அக்கா வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.