எட்டு சாருக்கு எஃப்.சி. கிடைத்த கதை

ராசிபுரத்தில் இன்றைக்குக் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேர் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம் இழுத்துப் பிடித்துத்தான் ஓட்டுவார்கள். வண்டியில் கோளாறு இல்லை. அத்தனை பேரும் எட்டு சாரிடம் கற்றுக்கொண்டவர்கள்.

எட்டு சார் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். எப்பேர்ப்பட்ட கை நடுங்கியையும் லைசென்ஸ் டெஸ்டில் பிசிறில்லாமல் எட்டுப் போட வைத்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர். நிஜப் பெயர் ரசீதில் அச்சாகியிருந்தது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எடை நூற்று நாற்பத்தெட்டு கிலோ. அவர் இடது சீட்டில் உட்கார்ந்ததும் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து கொடுக்கும். நாங்கள் வலது பக்கம் இழுத்து ஓட்டிப் பழகினோம். லைசென்ஸ் வாங்கியபின் நான் எங்கள் காரை முதன்முதலில் எடுத்தபோது அது நேராக டிவைடரைப் பார்த்துப் போனது. என் கணவர் பாவம், இரண்டு முறை வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு வந்தார்.

பார்க்கிங் வகுப்பு எப்போதும் தட்டுவடை செட் விற்கிற தள்ளுவண்டிக்கு எதிரில்தான் நடக்கும். நாம் சரியாக நிறுத்தினால் பரிசாக ஒரு செட் அவர் சாப்பிடுவார். கோணலாக நிறுத்தினால் வருத்தத்தில் இரண்டு செட் சாப்பிடுவார்.

நான் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. மூன்றாவது நாள், "நேராப் போங்க அம்மிணி, நான் சொல்றப்பத் திருப்பினாப் போதும்" என்றார். நேராகப் போனேன். சிறிது நேரத்தில் பக்கத்திலிருந்து குறட்டை வந்தது. எனக்கோ நேராகப் போக மட்டும்தான் தெரியும். நிறுத்தினால் மறுபடி கிளப்பத் தெரியாது. தட்டி எழுப்பலாமென்றால், திடுக்கிட்டு அவர் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிடுவாரோ என்று பயம். சாலை போன வழியே போனேன். வெண்ணந்தூரில் விசைத்தறிச் சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இந்த ஊருக்கு என்னை இரண்டு வாரம் கழித்துக் கூட்டி வருவதாக இருந்தாராம், நான் சீக்கிரமே தேறிவிட்டேனாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போவது ஒரு வியாதி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சிரிப்பு நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை. கோகிலா என்று ஒரு கல்லூரிப் பெண் ஓட்டினாள், நான் பின்சீட்டில் என் முறைக்குக் காத்திருந்தேன். ஜவ்வரிசி ஆலைத் திருப்பத்தில் ஒரு ஆடு குறுக்கே வர, அந்தப் பெண் பதறிப்போய் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டாள். இடது சீட்டுக்காரர் காப்பாற்றத்தான் அங்கே இரண்டாவது பிரேக் வைத்திருக்கிறார்கள். எட்டு சார் காலை நீட்டினார். வயிறு இடித்தது, முழங்கால் டேஷ்போர்டில் முட்டியது. கால் போய்ச் சேருவதற்குள் கார், ஆலைக்கு முன்னால் கொட்டியிருந்த மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் குவியலில் ஏறி நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் நாலு எட்டு முன்னால், கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு ஆலைக்கு வேலைக்கு வந்த ஒரு அம்மாள் அப்படியே உறைந்து நின்றிருந்தார்.

எட்டு சார் இறங்கிப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அழுதுகொண்டிருந்த கோகிலாவிடம், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்றார். பிறகு அந்தக் கிழங்குக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பிரேக்கு இருக்குதுங்க அம்மிணி. காலுதான் போகல."

மறுநாள் வகுப்பு இல்லை. அதற்கடுத்த நாள், வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளப் போவதாக அறிவித்தார். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருக்கும் ஒருத்தர் செய்துகொண்டு பாதியாகிவிட்டாராம்.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அவருடைய ஃபைலைப் படிக்கவே ஒரு காலைப்பொழுது ஆகியிருக்கும். பதினைந்து வருடச் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, இதயத்தில் இரண்டு வருடத்துக்கு முன் வைத்த ஸ்டென்ட். போதாததற்கு அங்கே எடுத்த பரிசோதனையில், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். சர்ஜன், இதய டாக்டர் சம்மதிக்கட்டும் என்றார். இதய டாக்டர், எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்றார். எடையைக் குறைக்கத்தானே ஆபரேஷன் என்று கேட்டதற்கு, அதைச் சர்ஜனிடம் கேட்கச் சொன்னார்.

வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பார். லாரி ஊர்க்காரரான எட்டு சாருக்கு இது பழகிய விஷயம். பழைய வண்டிகளுக்கு, ஓடத் தகுதியுள்ளது என்று எஃப்.சி. சான்றிதழ் வாங்கித் தருவது அவருடைய உபதொழில்.

"முத நாளே எந்த வண்டிங்க பாஸாவுது? லைட்டப் பாரு, பிரேக்கப் பாருன்னு திருப்பி அனுப்புவாங்க. சரி பண்ணிட்டு மறுக்கா போவோணும்" என்றார்.

வகுப்பும் கெடக்கூடாது என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரிப் பயணத்தையும் ஹைவே வகுப்பாக மாற்றினார். மல்லூர் வழியாகச் சேலத்துக்கு ஒரு மாணவி ஓட்டிப் போவாள், இன்னொருத்தி திரும்ப ஓட்டி வருவாள். அந்த வருடம் லைசென்ஸ் வாங்கிய எங்கள் எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் எந்த மாடியில் எந்தப் பிரிவு என்பது அத்துப்படி.

கடைசியில் மயக்க மருந்து டாக்டரிடம் வந்து சேர்ந்தார். சின்னப் பெண், முகத்தில் சிரிப்பே கிடையாது. அன்றைக்கு ஓட்டிப் போனது நான் என்பதால் பக்கத்தில் இருந்தேன்.

"உங்களைத் தூங்க வைக்கறது பெரிய வேலை இல்லைங்க. திரும்ப எழுப்பணும். இப்ப இருக்கற நிலைமைல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் அந்த டாக்டர். ஆறு மாதம் கெடு கொடுத்தார். தினமும் முகமூடி மாட்டிக்கொண்டு மூச்சு மெஷினோடு தூங்க வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், சொந்த முயற்சியில் பத்து கிலோவாவது குறைய வேண்டும்.

திட்டு வாங்கியவர் மாதிரி வெளியே வருவார் என்று நினைத்தேன். பூரித்துப்போய் வந்தார். இத்தனை டாக்டர்களில் இந்தப் புள்ளைதான் சரியான இன்ஸ்பெக்டராம், இவரிடம் பாஸானால்தான் பாஸாம்.

முகமூடியைப் பழக்கிக்கொள்ளப் பகலிலும் மாட்டிக்கொண்டு கவுன்டரில் உட்கார்ந்தார். எல்.எல்.ஆர். போட வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். அவர் மனைவி வசந்தாக்காவுக்கு வேறு கஷ்டம். இருபது வருடக் குறட்டை ஒரே நாளில் நின்றதும், ஆள் இருக்கிறாரா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் போனது. பார்க்கிங் வகுப்பு சிமென்ட் கடைக்கு எதிரே மாறியது. அங்கே சாப்பிட ஒன்றுமில்லை. எங்கள் பார்க்கிங் வேறு, எப்போதையும்விடக் கோணலாக இருந்தது.

ஆறு மாதத்தில் பன்னிரண்டு கிலோ இறங்கினார். இதய டாக்டர் தலையாட்டினார். அந்தச் சின்ன டாக்டர் ஃபைலை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, ஆபத்து குறைந்திருக்கிறதே தவிரப் போய்விடவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அட்மிஷனுக்கு நான்தான் ஓட்டிப் போனேன். வழியெல்லாம் இண்டிகேட்டரை மறந்ததற்குத் திட்டினார். தியேட்டருக்குள் போகும்முன் ஒரு நோட்டை என் கையில் கொடுத்தார்.

"ஒருவேளை நான் வெளிய வரலீன்னா, யாராச்சும் இந்தப் புள்ளைங்களுக்கு மீதிய முடிச்சுக் குடுக்கோணும் அம்மிணி."

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. வசந்தாக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காத்திருந்த நேரத்தில் நோட்டைப் பிரித்தேன். வகுப்பு முடியாத பதினோரு பேர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி. 'ரிவர்ஸ் பயம், சத்தம் போடக்கூடாது.' 'லாரியைக் கண்டால் கண்ணை மூடும், பேச்சுக் கொடுக்கவும்.' கோகிலா பெயருக்கு எதிரே, 'அன்னைக்குத் தப்பு என்னோடது. மறுபடி ஓட்ட வைக்கணும்.' எனக்கு எப்போதோ லைசென்ஸ் கிடைத்துவிட்டது. ஆனாலும் கடைசியில் என் பெயர் இருந்தது. 'நல்லா ஓட்டுது. அதுக்கே தெரியாது.'

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். மத்தியானம் அந்த மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தோம்.

"முழிச்சுட்டார். கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்து, கிளட்ச்சை மெதுவா விடுங்கன்னார்."

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. உடம்பிலிருந்து அறுபது கிலோ போல் போயிருக்கிறது. மூச்சு மெஷின் இன்னும் உண்டு, மாத்திரைகள் குறைந்தனவே தவிர நிற்கவில்லை, தலைமுடி பாதி போய்விட்டது. வகுப்புக்குத் திரும்பிய முதல் நாள், நின்ற வண்டியில் இடது சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை இருபது தடவை மிதித்துப் பார்த்தாராம். அன்றைக்கு முதல் வகுப்பு கோகிலாவுக்கு.

போன வாரம் அவர் வீட்டுப் பக்கம் போனேன். காலைப் பலகாரம் நடந்துகொண்டிருந்தது. தட்டில் அரை இட்லி. இப்போது அவ்வளவுதான் இறங்குமாம், அதையும் கூழாகும்வரை மென்றுதான் விழுங்க வேண்டுமாம். ஒவ்வொரு விள்ளலுக்கும் நடுவே ஒரு மாணவியின் கதை சொன்னார். அந்த அரை இட்லி முடிய முக்கால் மணி நேரம் ஆனது. எனக்குப் பேங்கில் அவசர வேலை இருந்தது. கடைசி விள்ளல்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.