ஹாலாஃபிஹியின் தேனீக்கள்

வேலையை ஒருத்தி செய்ய, மாலையை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொள்ளும் மனிதர் உங்கள் ஊரில் உண்டா, இல்லையா? அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். இந்த இனம் பனிமலையிலும் பிழைக்கும், பவளத்தீவிலும் பிழைக்கும். எங்கள் டோங்காவில், வவாவு தீவில், அதன் பெயர் ஹாலாஃபிஹி. வெனிலாத் தோட்டக்காரர்.

எங்கள் ஊர் மரியாதை உடுப்பான பாயை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, ஒவ்வொரு கொடியையும் தானே பெற்றெடுத்ததைப் போலப் பார்த்துக்கொண்டு நடப்பார். நிறையக் காய்த்தால், "என் கைராசி!" காய்க்காவிட்டால், "பொம்பளைங்க சோம்பேறிங்க!" பூ எப்படிக் காயாகிறது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார்.

வெனிலாப் பூ விடியலில் மலர்ந்து மதியத்துக்குள் செத்துப்போகும். அதைக் காயாக்கத் தெரிந்த பூச்சி இந்தத் தீவில் இல்லை. ஹாலாஃபிஹியின் அக்கா லூசியானேயும் பதினோரு பெண்களும்தான் அந்தப் பூச்சிகள். பூவுக்குள் இருக்கும் சின்ன நாக்கைத் தென்னை ஈர்க்கால் தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. ஒரு காலையில், ஒருத்தி, ஆயிரம் பூ. விட்ட பூ விட்டதுதான்.

பூ உச்சத்தில் இருந்த ஒரு செப்டம்பர் காலையில் தலைநகரிலிருந்து விவசாய அதிகாரிகள் வந்தார்கள். ஹாலாஃபிஹி விடுவாரா? பெண்களை எல்லாம் வரிசையில் நிறுத்திவைத்துப் பேச ஆரம்பித்தார். எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று.

"இவ்வளவு காய்க்கக் காரணம் என் தேனீங்க! நான் சொன்னா கேக்குற தேனீங்க!"

அவர் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது.

"அக்கா, நம்மளத்தான் தேனீங்கறாரா?" என்றாள் லூசியானேவின் பக்கத்தில் நின்ற லூப்பே.

"இல்லடி. நம்மள அவன் பாத்ததே இல்ல."

மணி பத்து. இதழ்கள் சுருங்கத் தொடங்கின. எங்கள் ஊரில் அக்கா சொன்னதைத் தம்பி தட்ட முடியாது. அவன் எவ்வளவு பெரிய ஆளானாலும் சரி. அந்த உரிமையை லூசியானே நாலு பேர் முன்னால் கையில் எடுத்ததில்லை. அன்று எடுத்தாள்.

"தம்பி, பூ வாடுது. உன் தேனீயக் கூப்பிடு."

"வருங்க்கா. வெயில் கொஞ்சம் ஏறட்டும்."

"ஏறினா பூ செத்துடும். இந்தா ஈர்க்கு. நீயே ஒண்ணு பண்ணிக் காட்டு."

மறுக்க முடியுமா? பல் குத்துவதைப் போலப் பூவைக் குத்தினார். பூ பிய்ந்து கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஈர்க்கு முறிந்தது.

"இந்தத் தேனீக்குக் கொட்ட மட்டும்தான் தெரியும்போல!" என்றாள் லூப்பே. அதிகாரிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெண்கள் அதற்குள் கொடிகளுக்குள் ஓடிவிட்டார்கள். மதியத்துக்குள் பாதிப் பூக்களைக் காப்பாற்றினார்கள். மீதிப் பாதி அவர் பேச்சுக்குப் பலி.

திருந்தினாரா? அன்று மாலையே கவா என்னும் வேர்ப்பானக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்த ஆண்களிடம், அக்கா காதுக்கு எட்டாத தூரத்தில், சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க அக்காவுக்கு ஈர்க்கு பிடிக்கக் கத்துக்குடுத்ததே நான்தானே!"

சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் உங்களை ஏதோ ஒன்றுக்காகப் பாராட்டினார்களே, அந்த வேலையை உண்மையில் செய்தவர் யார்? அவர் பெயரை இப்போதே, பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி, சத்தமாகச் சொல்லுங்கள். பெயர் தெரியவில்லையா? எழுந்து போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.