பலவேசம் வீட்டுக் கோழிகள் செத்த விவரம்

விருதுநகர்,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஜெயசுந்தருக்கு அக்கா ஞானபூரணி எழுதுவது. என் ரத்தக்கொதிப்பைத் தவிர இங்கு மற்றதெல்லாம் சுகம். சிவகாசியில் நீயும் ஜெஸ்லினும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். ஜெபம் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா வீட்டில் உன் பங்கை வாடகைக்கு விட்டிருக்கிறாயே, பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டும் பலவேசம், அவனை உடனே காலி பண்ணச் சொல். வெள்ளிக்கிழமை காலையில் அவன் கோழிகள் அத்தனையும் கொண்டை நீலம்பாரித்துச் செத்துக் கிடந்தன. காலமெல்லாம் நர்ஸாக இருந்தவள் சும்மா இருப்பேனா? "பறவைக் காய்ச்சலா இருக்கும்லே, வெறுங்கையால தொடாத, கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போடு" என்றேன். "வெயிலுக்குச் சுருண்டிருக்கும் யக்கா, எதுக்கு இம்புட்டு சத்தம் போடுறீக?" என்று சிரிக்கிறான்! இன்றைக்கு அது மனுஷனுக்கு எப்போதாவதுதான் வருகிறது, ஆனால் எவன் உடம்புக்குள்ளாவது போய் உருமாறி, ஆளுக்கு ஆள் தொற்றப் பழகிவிட்டால் உலகம் தாங்காதுலே, கொரோனா வார்டில் நான் பார்த்தது போதாதா என்று தொண்டை வற்றக் கத்தினேன்.

நேற்று அவன் மகளுக்குக் காதுகுத்து. ஆராதனை முடிந்து வருகிறேன், வாசலில் அண்டா நிறையக் கறிக்குழம்பு கொதிக்கிறது, கம்பெனி ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். அம்புட்டுப் பேரும் மறுநாள் ஒரே வேனில் நெருக்கியடித்து வேலைக்குப் போகிறவர்கள்! "செத்த கோழியெல்லாம் எங்கலே?" என்றேன். "போக வேண்டிய எடத்துக்குப் போயிருச்சு யக்கா" என்கிறான், அண்டாவைக் கிண்டிக்கொண்டே. வெந்தால் கிருமி சாகும், சரி, உரித்த கைக்கு யார் பதில் சொல்வது? உள்ளே போனேன், பினாயில் பாட்டிலோடு வந்தேன், அண்டாவில் கவிழ்த்தேன். "யக்கா, அது..." என்றான். "வாயத் தொறக்காதலே!" என்றேன். அவன் பெண்டாட்டி ரோஜா ஓவென்று அழுதாள். வந்தவர்கள் ரசஞ்சோற்றைத் தின்றுவிட்டு, என்னைப் பேய் பிடித்தவளைப்போல் பார்த்துக்கொண்டே போனார்கள். பார்க்கட்டும்! அவர்கள் உயிரோடிருப்பதே என்னால்தான். இந்தக் காம்பவுண்டுக்குள் இனி அவனா நானா, நீயே முடிவு பண்ணு.

உன் வீட்டாரைக் கர்த்தர் கண்மணிபோல் காப்பாராக.

அன்பு அக்கா,
ஞானபூரணி

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கும் முன் கால்நடை டாக்டர் வந்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை என்னிடம் சிரித்த கையோடு பலவேசம் போன் போட்டிருக்கிறான். நான் சூலக்கரையில் ஜெபக்கூட்டத்தில் இருந்தபோது ஆட்கள் வந்து, சோதனைக்கு மாதிரி எடுத்துக்கொண்டு, கோழிகளைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டார்களாம். அண்டாவில் கொதித்தது ஆட்டுக்கறி. "நீங்க அம்புட்டுச் சொன்ன பெறகு கோழி ஆக்குவோமா யக்கா?" என்று ரோஜா கேட்கிறாள். யாரையும் காலி பண்ணச் சொல்லாதே. சனிக்கிழமை ஓர் ஆட்டோடு புறப்பட்டு வா. அண்டாவை நான்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், வாடை போகமாட்டேன் என்கிறது.