காந்தல் வர்க்கிக் கும்பல்

கடத்தல் கும்பல் ஒன்றைத் தொடங்கிவிடுவது என்று மருதாசலம் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கம்பளிக்குள் கால் நீட்டியிருந்தபோது. பெரிய முடிவுகளை எல்லாம் அவர் அந்த நிலையில்தான் எடுப்பார். போன வருஷம் கொய்மலர்ச் சாகுபடி. அதற்கு முந்தின வருஷம் காளான். இரண்டையும் அவர் சம்சாரம் சசிரேகா கம்பளியை மடிக்கும்போதே சேர்த்து மடித்து வைத்துவிட்டாள்.

இந்தத் தடவை அப்படி மடிக்க முடியாது. விஷயம் பெரிது. மருதாசலத்துக்குச் சர்க்கரை ஏறிக் கிடந்தது. டாக்டர் கெஸியா சீட்டைப் பார்த்தார், இவர் தொப்பையைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"அடுத்த டெஸ்ட்ல குறையலேன்னா ஊசிதான். தினமும். வயித்துல."

வயிறு என்ற சொல்லிலேயே மருதாசலத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. மகளுக்குத் தடுப்பூசி போட்ட காலத்தில் குழந்தை சிரித்துக்கொண்டிருக்க, பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தவர் இவர். தினமும் மேடேறி நடங்கள் என்றும் டாக்டர் சொன்னார். மருதாசலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அய்யோ" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்றைக்கே வீட்டில் சட்டம் வந்துவிட்டது. டீயில் சர்க்கரை கிடையாது. பண்டிகை இனிப்பு கிடையாது. வர்க்கி கிடையாது.

முதல் இரண்டையும் மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். வர்க்கி? விறகடுப்பில் முறுகி, அடுக்கடுக்காய்ப் பிரிந்து, தொட்டாலே சட்டையெல்லாம் உதிர்கிற ஊட்டி வர்க்கி? அது இல்லாமல் நாலு மணி டீயா? அதுவும் யாருக்கு? மருதாசலம் குன்னூர் ரோட்டில் ஒரு தேயிலை பேக்டரியில் டீ மேக்கர். ஒரு உறிஞ்சு உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்பிவிட்டு, இலை எந்தச் சரிவில் பறித்தது, முந்தின நாள் மழையா வெயிலா என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட நாக்குக்குக் கோதுமை ரஸ்க்கை நீட்டினாள் சசிரேகா. கலிகாலம்!

வழி காட்டியது டிவிதான். கோயமுத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் மகள் ஏதோ சந்தாவைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதில் ஒரு தொடர். மெக்சிகோ, கொலம்பியா போதைக் கும்பல்களின், அதாவது கார்ட்டல்களின், வரலாறு. தமிழில் பேசும். கொலம்பியாக்காரன் துப்பாக்கியை நீட்டி, "இன்னாடா, கலாய்க்கிறியா?" என்பான். மருதாசலம் புல்லரித்துப் போவார். சசிரேகா பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள். பட்டாணியோடு நிறுத்திக்கொண்டால் தேவலை.

"ஏனுங்க, மெக்சிகோவுல மழையே பேயாதுங்களா? எப்பப் பாத்தாலும் மஞ்சக்காமாலை வந்தாப்புலயே கெடக்குது."

"அது கலர், அம்மிணி. குத்தம் நடக்கற எடம்னா அப்படித்தான் காட்டுவாங்க."

"அமெரிக்கா வந்ததும் பளிச்சுன்னு வெளுத்துருச்சு?"

"அங்க இருக்கறது போலீசு."

"வாங்கித் திங்கறவனும் அங்கதானுங்களே இருக்கறான். அவன் மூஞ்சிக்கு யாரும் மஞ்சப் பூசலையா?"

மருதாசலம் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். திரையில் கும்பல் தலைவன் வெள்ளைச் சட்டையில் நடந்து வந்தான். பின்னால் பாட்டு. தோட்டத்தில் நீர்யானை.

"பாத்தியா! எவ்வளவு பெரிய மனுசன். ஏழை பாழைக்கெல்லாம் ஊடு கட்டிக் குடுத்திருக்கறான்."

"கட்டுனான், சரி. எத்தன ஊட்டுல எளவு உழுக வெச்சான்? போன பாகத்துல ஏரோப்ளேனயே வெடிச்சுப் போட்டானே, அதுக்குள்ள இருந்தவங்க ஒருத்தர் பேராச்சும் சொன்னாங்களா?"

"அது கதைக்குத் தேவையில்லை."

"இவன் மீசைய நீவறது மட்டும் தேவையாக்கும்."

"வரலாறு, அம்மிணி, வரலாறு! மேலயே போட்டிருக்கறான், உண்மைச் சம்பவம்னு."

"அதுக்குக் கீழ பொடி எழுத்துல, சிலது கற்பனைன்னும் போட்டிருக்கறான். உங்க கண்ணுக்குப் பெரிய எழுத்து மட்டுந்தான் தெரியும்."

பொம்பளைகளோடு உட்கார்ந்து வரலாறு பார்க்கக் கூடாது என்று மருதாசலம் நொந்துகொண்டார். ஆனால் பாடத்தை மட்டும் ஒழுங்காகப் படித்தார். சரக்கைத் தலைவன் கையால் தொடக் கூடாது. போனில் பேசக் கூடாது. ஊட்டுக்காரிக்கு மூச்சுக் காட்டக் கூடாது. முதல் சட்டத்தை முதல் நாளே மீற வேண்டியதாயிற்று, ஏனென்றால் இந்தக் கும்பலில் கடத்துகிறவரும் அவர்தான், தின்கிறவரும் அவர்தான்.

சரக்குக்கு வேலுசாமி. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சந்தில் பேக்கரி வைத்திருப்பவர். வீடு இருக்கிற காந்தலிலேயே வாங்கினால் வாங்கியவன் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேரும், அதனால் அவ்வளவு தூரம். வண்டிக்கு டெனின். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன். நல்ல டீத்தூள் கொடுத்தால் நாலு ஊருக்கு வண்டி ஓட்டுவான்.

"டெனினு, இது ரகசியம். உசிரே போனாலும் வாயத் தொறக்கக் கூடாது."

"வர்க்கிதானுங்களேண்ணா?"

"சரக்குன்னு சொல்லுடா!"

மறைப்புக்கு டீ சாம்பிள் டப்பா. தூள் தரம் பார்க்க என்று அவர் டப்பாவோடு வீட்டுக்கு வருவது வழக்கம்தான். மேலே ஒரு கை டீத்தூள், நடுவில் காகிதம், அடியில் வர்க்கி. இந்த ஏற்பாட்டை நினைத்து நினைத்து மருதாசலம் தனியாகச் சிரித்தார். கொலம்பியாக்காரனுக்குக் கூட இது தோன்றியிருக்காது.

பதுக்கும் இடத்தில்தான் அவர் மூளை நிஜமாக வேலை செய்தது. ஊட்டி மழையில், மஞ்சில், வர்க்கியைச் சும்மா வைத்தால் சாயங்காலத்துக்குள் நமத்துவிடும். நமத்த வர்க்கியும் நனைந்த அட்டையும் ஒன்று. ஆகவே பின்கட்டில் விறகு போட்டு வெந்நீர் காய்ச்சுகிற பாய்லருக்கு மேலே, எப்போதும் கதகதப்பாக இருக்கிற பலகையில் டப்பா ஏறிக்கொண்டது.

முதல் வாரத்திலேயே சிக்கல். ஆட்டோவை டெனின் வீட்டுக்கு ஏறுகிற மேட்டின் அடியிலேயே நிறுத்திவிட்டான்.

"அண்ணா, மேல வாசல்ல அக்கா நிக்கறாங்க. ஆட்டோச் சத்தம் கேட்டாச் சோதனை போட்டுருவாங்க. இங்கயே எறங்கிப் பின்பக்கப் படியில ஏறிருங்க."

"அத்தன படியுமா?"

"மாட்டிக்கறதுன்னா ஆட்டோவுலயே வாங்க."

ஏறினார். டப்பாவை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு, தொப்பி காதுவரை இறங்க, தண்ணித் தொட்டியோரம் நின்று நின்று மூச்சு வாங்கி ஏறினார். மறுநாளும் அக்கா வாசலில் என்றான் டெனின். அதற்கு மறுநாளும். தொடரில் தலைவர்கள் மலை ஏறித் தப்புகிற காட்சியெல்லாம் ஞாபகம் வர, மருதாசலத்துக்கு அந்தப் படிகள் மேலேயே ஒரு மோகம் வந்துவிட்டது. கொஞ்ச நாளில் நிற்காமலே ஏறினார்.

பாய்லர் அறையில் பல்பு வேறு போய்விட்டிருந்தது. நல்லதாகப் போயிற்று. இருட்டில் சுவரோரம் நின்று, கடித்தால் சத்தம் வருமே என்று வர்க்கியை வாயில் அடக்கி, ஊறவிட்டு, லபக்கென்று விழுங்குவார். ஒரு காது எப்போதும் முன்கட்டுத் தையல் மிஷின் சத்தத்தின் மேலேயே இருக்கும். சசிரேகா தையல்காரி. மிஷின் நின்றால் இவருக்கு இதயம் நின்றுவிடும்.

"இதென்னங்க ஸ்வெட்டர் மேல உதுந்திருக்குது?"

"பேக்டரித் தூசி."

"அப்படீங்களா."

அவ்வளவுதான். இந்தப் போலீசை வைத்துக்கொண்டு எந்த நாடு உருப்படும் என்று மருதாசலம் அவளுக்காக வருத்தப்பட்டார்.

டெஸ்ட் நாள் நெருங்க நெருங்கத்தான் காலண்டரைப் பார்க்கவே பயந்தார். தின்றது தின்றதுதானே. ரத்தத்துக்கு எந்தத் தொடரில் போய்ப் பாடம் எடுப்பது? அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் ஊட்டிக் குளிரிலும் அவருக்கு வியர்த்து வழிந்தது. வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி ஜென்மத்துக்கும் வர்க்கியைத் தொட மாட்டேன், ஊசி மட்டும் வேண்டாம் சாமி என்று மாரியம்மனிடம் மனசார அழுதார். சசிரேகா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கெஸியா சீட்டைப் பார்த்தார், தொப்பையைப் பார்த்தார், சிரித்தார்.

"நல்லா குறைஞ்சிருக்கே! ஊசியெல்லாம் வேண்டாம். என்ன செய்யறீங்களோ, அதையே செய்யுங்க."

மாரியம்மனுக்குச் சொன்னதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு மறந்துபோயிற்று. மருதாசலம் வீட்டுக்குள் நுழையும்போதே அந்த வெள்ளைச் சட்டைக்காரன் நடையில்தான் நுழைந்தார். நாற்காலியில் சாய்ந்தார். மீசையை நீவினார். வெற்றியை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"அம்மிணி, டாக்டருக்கும் ஒண்ணும் தெரியாது, உனக்கும் ஒண்ணும் தெரியாது. இத்தன நாளா நான் தெனமும் வர்க்கி தின்னேன். இந்த ஊட்டுக்குள்ள, உன்ற மூக்குக்குக் கீழ, ஒரு கார்ட்டலே நடத்தியிருக்கறேன்!"

"தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"இந்த மழையில வர்க்கிய மொறுமொறுன்னு வெக்கோணும்னா, பாய்லரு மேல உட்டா இந்த ஊட்டுல வேற எடம் எங்கீங்க இருக்குது? ரெண்டாம் நாளே டப்பாவப் பாத்துட்டேன்."

மீசையிலிருந்த கை அப்படியே நின்றது.

"பாத்துட்டுச் சும்மாவா இருந்த?"

"எதுக்குச் சும்மா இருக்கறது? நேரா வேலுசாமியண்ணங்கிட்டப் போனேன். அவரு பொண்ணு கல்யாண ஜாக்கெட்டெல்லாம் நாந்தானுங்க தெச்சது. அன்னையிலிருந்து உங்களுக்குன்னு தனி அடுப்பு. ராகி மாவு, உப்பு, துளி எண்ணெய். சர்க்கரையும் இல்ல, வனஸ்பதியும் இல்ல."

"பொய்! அது ராகின்னா கறுப்பாத் தெரிஞ்சிருக்கும்!"

"அதுக்குத்தான் பல்பக் கழட்டி வெச்சேன்."

"என்ற நாக்கு? சரிவு சொல்ற நாக்குடி இது!"

"உருட்டித் துப்புனாச் சொல்லுமுங்க. பயந்து பயந்து முழுங்குனா எந்த நாக்கு என்னத்தச் சொல்லும்?"

மருதாசலத்துக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கடைசியாக ஒரே ஒரு ஆளைப் பற்றிக்கொள்ளப் பார்த்தார்.

"டெனின்... அவன் மட்டுமாச்சும்..."

"மொத வாரமே என்ற பக்கம் வந்துட்டானுங்க. நான் ஒரு நாளும் வாசல்ல வந்து நிக்கலை. மிஷின்லதான் இருந்தேன். நடங்கன்னு சொன்னா முட்டியப் புடிச்சீங்க. ஒளிஞ்சு ஓடுங்கன்னாத் தெனமும் அத்தன படியும் ஏறுனீங்க."

மருதாசலம் கோபப்படலாமா என்று பார்த்தார். ஊசி ஞாபகம் வந்தது. வயிற்றைத் தடவிக்கொண்டார். தோல்விதான், ஆனால் ஓட்டை விழாத தோல்வி. குரலைத் தணித்து, ஒரு தலைவன் இன்னொரு தலைவனோடு சமாதானம் பேசுவது போல் பேசினார்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. அந்த ராகி வர்க்கி... மோசமில்லை. இனிமே ஒளிவு மறைவு எதுக்கு? நேரா வாங்கியாந்து, ஆட்டோவுலயே வாசல்ல வந்து எறங்கி, டீ கூட உக்காந்து தின்னுக்கறேன்."

சசிரேகா பட்டாணிக் கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு டிவியைப் போட்டாள்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. நேராக் குடுத்தா நீங்க திங்கவும் மாட்டீங்க, நடக்கவும் மாட்டீங்க. பேசாம நாளையிலிருந்தும் கடத்தியே கொண்டாங்க."