இடது பக்க மட்கார்டு

"நசுங்கலை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தாள் மனைவி.

"எடுத்துட்டேன்."

அவள் காரைக் குனிந்து பார்த்தாள். "மட்கார்டையும் சேர்த்துல்ல எடுத்திருக்கீங்க!"

உண்மைதான். காலையில் கார் கேட் தூணில் உரசியபோது இடது முன்பக்க மட்கார்டில் விழுந்தது உள்ளங்கை அகலக் குழி. உள்பக்கமிருந்து சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஆனால் தகடு துருப்பிடித்துப் போயிருந்தது. மூன்றாவது தட்டில் சுத்தியல் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. ஓட்டையைச் சீராக்க ஓரத்தை வெட்டினார். வெட்டியது கோணலாகப் போனதால் இன்னும் கொஞ்சம். கடைசியில் மிச்சம் இருந்தது மூன்று போல்ட்டுகள்தான்.

அவர் மெய்ப்புப் பார்ப்பவர். வேலை பார்த்த அச்சகத்தை மூடி நான்கு மாதமாகிறது. மனைவி வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவள். குடும்பமே அவள் ஓட்டும் இந்தப் பழைய காரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள்கூட அவள் முகம் சுளித்ததில்லை. அந்த நன்றிக்கு இந்தக் குழியையாவது நாமே சரி செய்யலாம் என்று இறங்கியவர்தான், இப்போது இப்படி நின்றார்.

தெருமுனையில் வண்டித் தகடு தட்டும் டிங்கர் உதட்டைப் பிதுக்கினார். "இந்த மாடல் நின்னு எவ்வளவோ காலமாச்சு சார். விசாரிச்சுப் பார்க்கிறேன். அதுவரைக்கும் நீங்களே ஒண்ணு தட்டிப் பாருங்களேன். ஒரு தகடு, மரச்சுத்தி, அடியில வைக்க மெத்துனு ஏதாவது. அவ்வளவுதான்."

மெத்தென்று வீட்டில் இருந்தது தலையணைதான். நாலாவது அடியில் அது வெடித்தது. பஞ்சு பறந்து பக்கத்து வீட்டு டீச்சரின் துணிக்கொடி வரை போனது. டீச்சர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார்.

"பஞ்சு மிச்சம் இருந்தா கொஞ்சம் குடுங்க. காதுல வச்சுக்கலாம்னுதான்."

திட்டாமல் கேட்டாரே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கை நிறைய அள்ளிக் கொடுத்தார்.

அடுத்து, பழைய பேன்ட்டின் ஒரு காலைத் தைத்து மணல் நிரப்பினார். அது தாங்கியது. தகடுதான் தாங்கவில்லை. புடைத்த இடத்தை அடக்க அடித்தார், அது இன்னும் புடைத்தது. அதையும் அடக்க அடித்தார். ஒரு வாரத்தில் மட்கார்டு கர்ப்பமாக இருப்பது போல் தெரிந்தது.

அதற்குள் மழை வேறு. மூடியில்லாத சக்கரம் சேற்றை வாரிக் கண்ணாடியில் இறைக்க, மனைவி தினமும் புள்ளி புள்ளியாக வீடு திரும்பினாள்.

"பரவாயில்லைங்க. நிதானமா செய்யுங்க."

அவள் அப்படிச் சொன்னதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. டிங்கரிடம் ஓடினார்.

"பழசோ புதுசோ, எங்கயாவது கிடைச்சுதா?"

டிங்கர் ஸ்பானரைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். "இல்ல சார். உள்ள வாங்க. அடிக்க அடிக்கத் தகடு விரியும். விரிஞ்சதை எப்படிச் சுருக்குறதுன்னு காட்டுறேன்."

சுருக்கக் கற்றுக்கொண்டார். வலது பக்க மட்கார்டின் மேல் காகிதம் வைத்து அளவெடுத்து, புதுத் தகட்டில் வரைந்து, ஐந்து நாள் தட்டினார். வளைவு அச்சு அசலாக வந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அருமையா இருக்குங்க. ஆனா இது வலது பக்கத்துக்குல்ல?"

காகிதத்தைத் திருப்பிப் போட மறந்திருந்தார்! இருபத்தெட்டு வருடம் ஊரார் பிழையைத் திருத்தியவர், மணல் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு வந்துடுச்சுல்ல? அடுத்தது சீக்கிரம் வரும். டீ போடவா?"

டீயைக் குடித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிப் போட்டார்.

மூன்றாவது வாரக் கடைசியில் இடது மட்கார்டு காரில் ஏறியது. மூன்று போல்ட்டுகளும் ஓட்டைகளில் நேராக இறங்கின. டிங்கர் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். மனைவி உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தாள்.

"இங்க லேசா ஒரு மேடு இருக்கு," என்றார் அவர்.

"இருக்கட்டும். நாலு வண்டி நிக்குற இடத்துல நம்ம வண்டியச் சட்டுனு கண்டுபிடிச்சுடலாம்."

வேலைக்குப் போய் மாலையில் திரும்பியதும் அவள் இன்னொன்றும் சொன்னாள். ரத்தம் எடுக்கப் போன வீட்டில் இதேபோல் ஒரு பழைய கார். அதன் சொந்தக்காரர் மட்கார்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, செய்தவரின் விலாசத்தைக் கேட்டாராம்.

அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நேரே டிங்கரிடம் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களை நான் மறக்கவே மாட்டேன். அன்னைக்கு மட்டும் மட்கார்டு கிடைச்சிருந்தா, நான் இதைக் கத்துக்கிட்டிருக்கவே மாட்டேன்!"

டிங்கர் நெளிந்தார். தலையைச் சொறிந்தார்.

"அப்போ ரெண்டாவது வாரமே உங்க வீட்டம்மா வாங்கி, 'நாலு மாசம் கழிச்சு இப்பத்தான் அவர் முகத்துல களை வந்திருக்கு, முடிக்கிறவரைக்கும் மூச்சு விட்டுடாதீங்க'ன்னு என் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டுப் போன புது மட்கார்டை என்ன சார் பண்றது?"