இழுவைக் கணக்கில் இறங்க வேண்டியவர்

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மருமகளின் அப்பா தலையைக் குனிந்தபடியே எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நம் பிள்ளைகள் இருவரும் உடம்பளவில் நலம். அங்கே நீங்களும் உங்கள் மூத்த மகள் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோபித்துக்கொண்டு கிளம்பியபோது நீங்கள் மடியில் வைத்து எடுத்துப் போன புளித்த மாவு ஜாடியும் குறைவில்லாமல் பொங்கிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். கேட்கத்தான் செய்தேன். என் குரலை அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் நீங்கள் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்தீர்கள். தப்பில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நம்பரையே மாற்றியிருப்பேன்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படிக்க வேண்டும். நம் பிள்ளைகள் அந்த ரொட்டிக்கடை டிரெய்லரைத் தங்கள் கையாலேயே கட்டி முடித்தது உங்களுக்குத் தெரியும். அடுப்பு உள்ளே ஏறிவிட்டது, வாரச்சந்தையில் இடமும் கிடைத்துவிட்டது, மாவுக்கு நீங்கள் இருக்கிறீர்கள், இழுத்துப் போக ஒரு பிக்கப் வண்டி மட்டும்தான் பாக்கி. அப்போதுதான் மாப்பிள்ளை என்னிடம் வந்து, "மாமா, வாங்கறதுக்கு முன்னாடி அந்த வண்டி எவ்வளவு இழுக்கும்னு ஒரு கணக்குப் போட்டுக் கொடுங்களேன்" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்னை யாரும் ஒரு கணக்கும் கேட்டதில்லை. பால்காரர் கூட என் வீட்டுக்காரியிடம்தான் கணக்குச் சொல்வார். மாப்பிள்ளை கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே பென்சில் சீவ உட்கார்ந்துவிட்டேன். என் அவமானம் அந்தப் பென்சிலிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இழுவைக் கணக்கு பார்வைக்குத்தான் சுலபம். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இத்தனை டன் இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். அடியில் பொடி எழுத்தில், வண்டி காலியாக, ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்திருந்தால், என்று இருக்கும். வண்டி, டிரெய்லர், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து இதற்கு மேல் போகக்கூடாது என்று ஒரு மொத்த எடை உண்டு. அதில் வண்டியின் சொந்த எடையைக் கழித்து, உள்ளே உட்காருகிறவர்களையும் கழித்தால் மிச்சம் இருப்பதுதான் உண்மையில் இழுக்கக்கூடியது. ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். ஒரு அப்பா கடைத்தெருவில் போகிறார். தோளில் ஒரு குழந்தை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இன்னொரு குழந்தை. தோளில் இருக்கிற குழந்தை கனக்கக் கனக்க, கையில் இருப்பதை இழுக்கத் தெம்பு குறையும். அவ்வளவுதான். இந்த உதாரணத்தை இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

அடுப்பின் எடை அதன் முதுகிலேயே பொறித்திருந்தது. மாவு மூட்டையில் அச்சடித்திருந்தது. எடை எழுதாத சாமான்கள் ஐந்து: தண்ணீர்த் தொட்டி, ரொட்டித் தட்டுகள், மாவு தேய்க்கும் பலகை, மடக்கு மேசை, சல்லடை. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறதே, அதன்மேல் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு நான் ஏறினேன். தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோது என் காலே எனக்குத் தெரியவில்லை, முள் எங்கே தெரியும்? என் வீட்டுக்காரிதான் குனிந்து பார்த்துச் சொன்னாள். "எண்பத்தி ரெண்டுங்க. அதுல..." என்று ஏதோ ஆரம்பித்தாள். "நீ முள்ளை மட்டும் படி, மீதியை நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவள் அதற்கப்புறம் முள்ளை மட்டும்தான் படித்தாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் இன்றுவரை என்னைத் தினம் ஒருமுறை பழிவாங்குகிறாள்.

அடுத்தது ஆட்களின் எடை. மாப்பிள்ளை தன்னுடையதைச் சொன்னார், என் மகள் சொன்னாள், என்னுடையது எனக்குத் தெரியும், எழுபத்து இரண்டு. உங்களுடையதை மாப்பிள்ளையிடம் கேட்டதற்கு, "மாமா, வண்டி வாங்காமக்கூட இருந்துடுவேன், எங்கம்மாகிட்ட அதைக் கேக்க மாட்டேன்" என்றார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அன்று உங்களை முதலில் சன்னல் திரையைப் பார்க்கச் சொன்னேன், பிறகு காலண்டரைப் பார்க்கச் சொன்னேன், பிறகு அந்தப் பழைய குடும்பப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொன்னேன் அல்லவா? உங்கள் ரசனையை மதித்து அல்ல. நீங்கள் திரும்பி வந்து உட்காரும்போதெல்லாம் சோபா எவ்வளவு அமுங்குகிறது என்று அளவுகோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போனதும் அதே இடத்தில் நான் உட்கார்ந்து ஒப்பிட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. இதை எழுதாதே என்று மனசு சொல்கிறது, எழுதித்தான் ஆகணும் என்று பக்கத்தில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரி சொல்கிறாள்.

பிறகு நாம் எல்லோரும் சேர்ந்து போன ஷோரூம். நடந்தது உங்களுக்கே தெரியும், ஆனால் மன்னிப்புக் கேட்கிறவன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான் என்று சொல்லியாக வேண்டும். அந்த சேல்ஸ்மேன், "மூணு டன் இழுக்கும் சார், கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்றார். "நாங்க கண்ணைத் திறந்துட்டுத்தான் வாங்குவோம்" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நாலு பேர்தான் என்னைக் கெடுத்தது. ஒரு வகுப்பு கிடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு. அப்பா, தோள், குழந்தை எல்லாம் சொன்னேன். கணக்கை முடித்து, "ஐம்பது கிலோ கூடுது. ஒரே ஒருத்தர் இறங்கினா சரியாப் போயிடும்" என்றேன். அதோடு விட்டேனா? "மாப்பிள்ளை ஓட்டணும், என் பொண்ணு வியாபாரம் பார்க்கணும், நான் கணக்குப் பார்க்கணும். இப்ப, தோள்ல உட்கார்ந்திருக்கிற குழந்தை நம்ம சம்பந்தியம்மான்னு வச்சுக்குங்க..." என்று சொல்லி, சோபா சொன்ன எண்ணையும் சத்தமாகச் சொன்னேன். அந்த எண்ணை இங்கே எழுதவில்லை. ஒருமுறை ஊர் கேட்கச் சொன்னதே போதும். "அம்மா மட்டும் பின்னாடி பஸ்ல வந்துட்டா பிரச்சனையே இல்ல சார்!" என்று அந்த ஆள் சிரித்தார். என் மகள், "அப்பா, வாயை மூடுங்கப்பா" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்போதும் நான் அவளிடம், "இரும்மா, இன்னும் டிரெய்லர் கொக்கி மேல அமுக்குற பாரத்தைச் சொல்லல" என்றேன்.

நீங்கள் எழுந்தீர்கள். "சம்பந்தி, உங்க வண்டிக்கு நான் பாரம்னா நான் பிசையற மாவும் பாரம்தான். ரெண்டும் இப்பவே இறங்கிடுது" என்று சொல்லிவிட்டு, வெயிலில் செருப்புச் சத்தம் கேட்க நடந்து போனீர்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கணக்கு சரிதானே, இவங்களுக்கு எதுக்குக் கோபம் என்று நினைத்தேன். கணக்கு சரியாக இருந்தால் மனுஷன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு, வாத்தியார் தொழிலில் இருந்தவர்களுக்கு வந்துவிடுகிறது.

நீங்கள் போன பிறகு பிள்ளைகள் உங்கள் புளித்த மாவுக்குப் பதிலாகக் கடையில் விற்கும் ஈஸ்ட் போட்டு ரொட்டி சுட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளை அதை மேசைமேல் வைத்தபோது கதவைத் தட்டினார்கள் என்று நினைத்து நான் எழுந்து போனேன். மாப்பிள்ளை என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை, "பரவால்ல மாமா" என்றார். உங்கள் பிள்ளையை நீங்கள் இவ்வளவு நன்றாக வளர்த்திருக்க வேண்டாம்.

எப்படியாவது ஐம்பது கிலோவைக் குறைத்துவிட்டால் உங்கள் காலில் விழாத குறையாகக் கூப்பிடலாமே என்று, எந்தச் சாமானை விட்டுவிட்டுப் போகலாம் என்று மறுபடி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறினேன். சல்லடையைத் தூக்கினேன். முள் எழுபத்து மூன்றில் நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அடுப்படிக்கு ஓடினேன். "கண்டுபிடிச்சுட்டேன்! சல்லடையை மட்டும் வீட்டுல விட்டுட்டுப் போனா போதும், சம்பந்தியம்மா வரலாம்! சல்லடையே எழுபத்தி மூணு கிலோ!" என்றேன். என் வீட்டுக்காரி என் கையிலிருந்த சல்லடையை வாங்கினாள். ஒற்றை விரலில் மாட்டினாள். விசிறி மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றினாள். "இதுவாங்க எழுபத்தி மூணு கிலோ?" என்றாள்.

அம்மா, நான் என்னைக் கழிக்கவே இல்லை. சாமானோடு ஏறினால், வந்த எடையில் ஏறினவனைக் கழிக்க வேண்டும், இதைச் சின்னப் பிள்ளைகளுக்கு நான் பூனைக்குட்டியை வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கழிக்காத பிள்ளையை, "ஏன்டா, பூனை உன்னைவிடக் குண்டா?" என்று கேட்டிருக்கிறேன். ஐந்து சாமானுக்கும் ஐந்து முறை, அந்த டிரெய்லருக்குள் நான் அல்லவா ஏறி உட்கார்ந்திருந்தேன்! தொட்டிப் பக்கம் ஒரு நான், மேசையடியில் ஒரு நான், சல்லடைக்குள் ஒரு நான். ஐந்து வாத்தியார்கள் உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, ரொட்டி சுடத் தெரிந்த ஒரே ஆளைப் பார்த்து நீங்கள் இறங்குங்கள் என்று சொல்லியிருக்கிறோம். கூடுதல் பாரம் நீங்கள் இல்லை. முழுக்க முழுக்க நான்தான்.

சரியாகக் கழித்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஐம்பது கிலோ கூடுவதாவது, இன்னும் முந்நூற்றுப் பத்து கிலோ ஏற்றலாம். நாம் நாலு பேரும் தாராளமாகப் போகலாம். அந்த வண்டியை ஞாயிற்றுக்கிழமைவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக ஷோரூமில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மாப்பிள்ளை, "அம்மா வந்து வண்டியில உட்கார்ந்து பார்க்காம நான் வாங்க மாட்டேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். ஆகவே நீங்கள் ஜாடியோடு வர வேண்டும். வந்தால் சன்னலோர இருக்கை உங்களுக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்து சந்தை வரைக்கும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருகிறேன். உதாரணம் எதுவும் சொல்லமாட்டேன்.

உங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் என் விசாரிப்புகள். நீங்கள் நீண்ட ஆயுளோடும், எந்த வாத்தியாரும் அளந்து பார்க்காத நிம்மதியோடும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். வாளித் தண்ணீரைத் தூக்கினதும் கனத்தது. அப்படியே கீழே வைத்துவிட்டு ஈரக்காலோடு வந்து உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அந்தத் தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன். அது முந்நூற்று அறுபது லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்று நான் எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன்! தண்ணீர் இல்லாமல் நீங்கள் மாவு பிசைய முடியாது. மேலே எழுதிய முந்நூற்றுப் பத்து கிலோவை அடித்துவிடுங்கள். மறுபடியும் ஐம்பது கிலோ கூடுகிறது. மறுபடியும் ஒருவர் இறங்கித்தான் ஆகவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னதையும் அடித்துவிடுங்கள். சன்னலோர இருக்கையும் பக்கத்து இருக்கையும் உங்களுக்கும் ஜாடிக்கும். இறங்க வேண்டியவர் யார் என்று ஷோரூமிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் சந்தைக்குப் பஸ்ஸில் வருகிறேன். இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்தே, "பஸ் தாங்குமான்னு கணக்குப் போட்டுட்டு ஏறுங்க" என்கிறாள்.